வீட்டு லேப்புக்கு வெளியிலிருந்து வர ஒரே ஒரு வாசல்: வயர்கார்டு அமைப்பது எப்படி

வீட்டு லேப் என்றால் வீட்டிலேயே ஓட்டும் சொந்த சர்வர்கள்: பழைய டெஸ்க்டாப்பில் பிராக்ஸ்மாக்ஸ் (ஒரே மெஷினில் பல மெய்நிகர் கணினிகளை ஓட்டும் மென்பொருள்), பக்கத்தில் ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கணினி, கோப்புகளுக்கு நாஸ் என்ற நெட்வொர்க் சேமிப்புப் பெட்டி. வெளியூரிலிருந்து இவற்றை எட்ட, எஸ்எஸ்எச்சுக்கு (தொலைவிலிருந்து கட்டளை கொடுக்கும் வழி) 22, பிராக்ஸ்மாக்ஸுக்கு 8006 என்று ரவுட்டரில் வரிசையாக போர்ட் ஃபார்வர்டு, அதாவது வெளியிலிருந்து உள்ளே இருக்கும் மெஷினுக்கு நேர் வழி, போடுகிறவர்கள் ஏராளம். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். இணையத்தை ஸ்கேனர்கள் இரவு பகலாகத் துழாவிக்கொண்டே இருக்கின்றன. 22ஐ 2222 ஆக்கினால் நுழைவு முயற்சிகளைப் பதியும் லாக் கோப்பு கொஞ்சம் அமைதியாகும், ஆபத்து குறையாது.

திறக்க வேண்டியது ஒரே ஒரு யூடிபி போர்ட், வழக்கமாக 51820. அதன் பின்னால் வயர்கார்டு: சாவி உள்ள கருவிகளை மட்டும் மறையாக்கப்பட்ட பாதை (டன்னல்) வழியாக வீட்டு நெட்வொர்க்குக்குள் விடும் விபிஎன் மென்பொருள். லினக்ஸ் கர்னலில் 2020இல் வந்த 5.6 பதிப்பிலிருந்தே அது உள்ளேயே இருக்கிறது. சரியான சாவியில்லாமல் வரும் பாக்கெட்டுக்கு (தரவுத் துண்டு) அது பதிலே சொல்லாது. அங்கே ஏதோ ஓடுகிறது என்பதே ஸ்கேன் செய்பவனுக்குத் தெரியாது.

வேலையைத் தொடங்குமுன் ரவுட்டரின் வான் (WAN, இணையத்தை நோக்கிய) பக்கத்தில் உள்ள ஐபியையும், உங்கள் ஐபியைக் காட்டும் ஏதாவது இணையதளத்தில் தெரிவதையும் ஒப்பிடுங்கள். இரண்டும் வேறாக இருந்து, வான் ஐபி 100.64க்கும் 100.127க்கும் இடையில் தொடங்கினால் நீங்கள் சிஜிநாட்டுக்குப் பின்னால் இருக்கிறீர்கள், அதாவது ஒரே பொது ஐபியை இணைய நிறுவனம் பல வீடுகளுக்குப் பகிர்ந்து கொடுக்கிறது. எத்தனை ஃபார்வர்டு போட்டாலும் வெளியிலிருந்து ஒரு பாக்கெட்டும் வந்து சேராது. இணைய நிறுவனத்திடம் நிலையான ஐபி வாங்கலாம், டெயில்ஸ்கேல் (வயர்கார்டின் மேல் கட்டிய, போர்ட் திறக்கத் தேவையில்லாத சேவை) போடலாம், அல்லது சின்ன விபிஎஸ்ஸில் (வாடகை இணைய சர்வர்) வயர்கார்டை வைத்து வீட்டு மெஷினை அங்கே இணைக்கலாம். விபிஎஸ் வழியென்றால் வீட்டுப் பக்கம் பெர்சிஸ்டென்ட் கீப்அலைவ் (இணைப்பை உயிரோடு வைக்க இடைவிடாமல் அனுப்பும் சின்ன பாக்கெட்) 25 நொடி அவசியம். இல்லாவிட்டால் சும்மா கிடக்கும் நேரத்தில் ரவுட்டர் அந்த இணைப்பை மறந்துவிடும்.

வீட்டு சப்நெட் (வீட்டுக் கருவிகளின் ஐபி முகவரி வரிசை) 192.168.1.0/24 என்றிருந்தால் இப்போதே மாற்றிவிடுங்கள், 192.168.57.0/24 போல. ஓட்டல் வைஃபையும் பெரும்பாலும் அதே 192.168.1 தான். டன்னல் இணைந்ததாகக் காட்டும், நாஸ் மட்டும் திறக்காது. பாக்கெட் ஓட்டலுக்குள்ளேயே நாஸைத் தேடிக்கொண்டிருக்கும். டன்னலுக்குத் தனியாக 10.57.0.0/24 வைத்துக்கொள்ளலாம்.

கருவிக்கு ஒரு சாவி ஜோடி என்பதில் விட்டுக்கொடுக்காதீர்கள். போனும் லேப்டாப்பும் ஒரே சாவியைப் பகிர்ந்தால், சர்வர் (வயர்கார்டு ஓடும் மெஷின்) கடைசியாகப் பேசிய கருவியின் முகவரியை மட்டுமே வைத்துக்கொள்ளும். இரண்டும் மாறி மாறி அறுந்து விழும். சர்வரில் ஒவ்வொரு பியருக்கும் (இணையும் கருவி) அலவ்டு ஐபி, அதாவது அதற்கு ஒதுக்கிய முகவரி, 10.57.0.2/32 என்பதுபோல ஒற்றை முகவரியாக இருக்கட்டும். இரண்டு பியருக்கு ஒரே முகவரி போட்டால் பின்னால் எழுதியதுதான் செல்லும். பிரைவேட் கீ உள்ள கோப்பின் உரிமை 600, அதாவது உரிமையாளர் மட்டுமே படிக்கவும் எழுதவும் முடியும்.

சர்வர் வரை எட்டுகிறது, அதற்கு அப்பால் இருக்கும் நாஸ் எட்டவில்லை என்றால் இரண்டு காரணங்களைப் பாருங்கள். ஒன்று, சர்வரில் ஐபி ஃபார்வர்டிங் (பாக்கெட்டை அடுத்த மெஷினுக்குக் கடத்தும் அமைப்பு) 1 ஆகியிருக்காது. மற்றது, 10.57.0.0/24க்குத் திரும்பும் வழி நாஸுக்குத் தெரியாது. ரவுட்டரில் அந்த வழியைச் சொல்லும் ஸ்டாட்டிக் ரவுட் போட்டால் தீரும். ரவுட்டர் இடம் கொடுக்காவிட்டால் சர்வரில் மாஸ்கரேடு, அதாவது பாக்கெட் சர்வரிலிருந்தே வந்ததுபோல நாஸுக்குக் காட்டுவது.

பிங் போகிறது, எஸ்எஸ்எச் லாகின் ஆகிறது, ஆனால் பெரிய பக்கம் பாதியில் நிற்கிறது என்றால் பெரும்பாலும் எம்டியூதான் (ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு) காரணம். வயர்கார்டின் இயல்பு 1420. பிபிபிஓஈ இணைப்பில் (பயனர் பெயர், பாஸ்வேர்டு கொடுத்து இணையும் வகை) 8 பைட் அதற்கே போய்விடுவதால் 1412 வையுங்கள். அதிலும் நின்றால் 1280.

டன்னல் வந்தபின்னும் எஸ்எஸ்எச்சைச் சாவிக்கு மட்டும் திறங்கள். உபுண்டுவில் பலர் இங்கே ஏமாறுவார்கள். முதன்மைக் கோப்பில் பாஸ்வேர்டு ஆதென்டிகேஷன் 'நோ' என்று எழுதியிருப்பார்கள். ஆனால் கிளவுட்-இனிட் (மெஷினை முதல்முறை தானாக அமைக்கும் மென்பொருள்) வைத்த 50 எனத் தொடங்கும் கோப்பில் 'யெஸ்' இருக்கும். எஸ்எஸ்எச் முதலில் படித்த மதிப்பையே எடுக்கும். அந்தக் கோப்புதான் முதலில் படிக்கப்படுகிறது. மாற்றும்போது பழைய விண்டோவை மூடாமல், புதிய விண்டோவில் நுழைந்து பார்த்துவிடுங்கள்.

செயலிகளைத் தனித்தனிப் பெட்டிகளில் (கன்டெய்னர்) ஓட்டும் டாக்கரில் இன்னொரு பொறி. கன்டெய்னருக்கு போர்ட் பப்ளிஷ் செய்தால் யூஎஃப்டபிள்யூ (உபுண்டுவின் ஃபயர்வால்) விதிகளைத் தாண்டி அது திறந்துகொள்ளும். போர்ட்டுக்கு முன்னால் 127.0.0.1 அல்லது டன்னல் முகவரியைச் சேர்த்தே எழுதுங்கள். ரவுட்டரில் யூபிஎன்பியும் (கருவிகள் தாமாகவே போர்ட் திறக்க விடும் வசதி) வெளியிலிருந்து நிர்வகிக்கும் வசதியும் அணைந்திருக்க வேண்டும்.

கரண்ட் போய் வந்ததும் பொது ஐபி மாறலாம். டைனமிக் டிஎன்எஸ் பெயர் (மாறும் ஐபியைப் பின்தொடரும் பெயர்) புதுப்பிக்கப்பட்டிருந்தாலும், வயர்கார்டு அந்தப் பெயரை டன்னல் தொடங்கும்போது ஒருமுறைதான் தேடும். அதனால் போனில் டன்னலை அணைத்து மறுபடி போடுங்கள்.

சோதனையை வீட்டு வைஃபையில் செய்யாதீர்கள். போனில் மொபைல் டேட்டாவுக்கு மாறி இணைத்து, சர்வரில் லேட்டஸ்ட் ஹேண்ட்ஷேக் (கருவியும் சர்வரும் கடைசியாகச் சாவி சரிபார்த்துக்கொண்ட நேரம்) எத்தனை நொடிக்கு முன் என்று பாருங்கள். அந்த வரியே இல்லையென்றால் ஃபார்வர்டு தவறு, அல்லது சாவி மாறிப்போயிருக்கிறது. பிறகு வெளியிலிருந்து என்மேப் (திறந்திருக்கும் போர்ட்டுகளைத் தேடும் கருவி) ஓட்டுங்கள். டிசிபியில் எதுவும் திறந்திருக்கக் கூடாது. ஐபிவி6 இருந்தால் ஒவ்வொரு மெஷினின் முகவரிக்கும் தனியே ஓட்டுங்கள், அங்கே ஒரே பொது முகவரிக்குப் பின்னால் எல்லா மெஷினையும் ஒளிக்கும் நாட் மறைப்பு கிடையாது.

போன் தொலைந்தால் அதன் பியரை ஓடும் வயர்கார்டிலிருந்தும் நீக்குங்கள், கான்ஃபிக் கோப்பிலிருந்தும் நீக்குங்கள். கோப்பில் விட்டுவைத்தால் அடுத்த ரீபூட்டில் திரும்ப வந்துவிடும்.