பின்னங்கால் இழுக்கிற எலிய எப்படி பாத்துக்கறது

வளர்ப்பு எலிக்கு ஆயுசே 2, 3 வருஷம்தான், ஒன்றரை ரெண்டு வயசு தாண்டினா பின்னங்கால் பலம் குறையறது சகஜம், அதுவும் ஆண் எலிக்கு அதிகம். மெதுவா வந்துச்சுன்னா பெரும்பாலும் வயசுதான், முதுகுத்தண்டு நரம்பு தேஞ்சு போறது. திடீர்னு ஒரே நாள்ல கால் விழுந்துச்சுன்னா அடி பட்டிருக்கலாம், ஸ்ட்ரோக்கா கூட இருக்கலாம், உடனே டாக்டர்கிட்ட தூக்கிட்டு ஓடுங்க.

முதல்ல கூண்டுல மாடி, ஏணி எல்லாத்தையும் எடுத்துடுங்க, கம்பி தரை இருந்தா மூடிட்டு மெத்துனு துணி விரிங்க, வழுவழுப்பா இருந்தா கால் வழுக்கும் பாவம். தண்ணி பாட்டில இறக்கி மாட்டுங்க, சாப்பாடு தட்டையான கிண்ணத்துல, எலி பின்னங்கால்ல உக்காந்து ரெண்டு கையிலயும் புடிச்சு சாப்பிடும்ல, அது முடியாதப்போ ஊறவெச்ச மெத்துனு சாப்பாடுதான் சுலபம்.

ரொம்ப பேர் மறந்துடறது சுத்தம். மூத்திரத்துலயே வயித்த இழுத்துட்டு போறதால தோல் வெந்துடும், தினமும் வெதுவெதுப்பான தண்ணில துணி நனைச்சு தொடச்சு நல்லா காய விடுங்க, துணியயும் தினம் மாத்துங்க. காத சொறியறதும் பின்னங்காலாலதான், அதனால காதுல அழுக்கு சேரும், என் எலிக்கு காதுக்கு பின்னாடி விரலால தேய்ச்சு விட்டா அந்த இழுக்கிற கால் லேசா துடிக்கும், தானே சொறியற மாதிரி, கண்ண பாதி மூடிக்கும். நகமும் தேயாம வளரும், நுனிய மட்டும் வெட்டுங்க.

கூட இருக்கற எலிய பிரிச்சுடாதீங்க, அது நக்கி விடும், ஒட்டி படுத்துக்கும்.