சோபாவில் தொடங்காதீர்கள்: பழைய மர லாஞ்சைச் சொகுசுப் படகாக்கும்போது நடக்கும் தவறுகள்

என் மச்சினனுக்குத் தூத்துக்குடியில் ஒரு மர லாஞ்ச் மலிவாகக் கிடைத்தது. நீர்மட்டத்தில் 36 அடி, முழுக்கத் தேக்கு, கத்தி மாதிரி நிமிர்ந்த அணியம், அதாவது முன்முனை. 1974இல் புதுத் துறைமுகம் வருவதற்கு முன்னால் பெரிய கப்பல்கள் தூத்துக்குடிக் கரையை நெருங்க முடியாது, சில மைல் தள்ளித்தான் நங்கூரம் போடும். ஆளையும் சரக்கையும் கரை சேர்த்தவை தோணிகளும் இந்த மாதிரி லாஞ்சுகளும்தான். அந்தப் பிழைப்பு முடிந்து பல கை மாறி வந்த படகு இது. மச்சினன் பாளையங்கோட்டைக்காரன். கடலைவிடத் தாமிரபரணிப் படித்துறைதான் அவனுக்குப் பழக்கம். செல்போனில் வெளிநாட்டுப் பழைய படகுகளைப் பார்த்துப் பார்த்து ஆசை பிடித்துவிட்டது. "வெளிய தாத்தா காலம், உள்ள ஏசி. இதுதான் அத்தான் பிளான்" என்றான்.

கப்பல் இஞ்சின் அறையில் வேலை பார்த்தவன் என்பதால் என்னிடம் ஒரு பட்டியல் அனுப்பினான். முதல் வரி சோபா. கடைசி வரி, 'ஓட்டை ஏதும் இருந்தால் அடைக்க வேண்டும்'. இந்தப் பட்டியலைத் தலைகீழாகப் பிடிக்காததுதான் முதல் தவறு. மற்றதெல்லாம் இதன் பிள்ளைகள்.

படகு பார்க்கப் போகிறவர்கள் எல்லாரும் குனிந்து அடிப்பலகையைத் தட்டிப் பார்க்கிறார்கள். உப்புத் தண்ணீரில் கிடக்கும் இடத்தில் மரம் துளைக்கும் புழுவைத் தேட வேண்டும், அது சரி. ஆனால் மரத்தை உளுத்துப்போக வைக்கும் பூஞ்சைக்குப் பிடித்தது மழைத்தண்ணீர்தான். மேல்தளத்தின் ஓரம், ஜன்னல் சட்டத்தின் கீழ் மூலை, கைப்பிடிக் கம்பி இறங்கும் இடம் ஆகியவற்றில் ஐப்பசி கார்த்திகை மழை சொட்டுச் சொட்டாக இறங்கி உள்ளேயே தங்கியிருக்கும். ஒரு ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு மேலிருந்து தொடங்குங்கள். மச்சினனின் லாஞ்சில் அடிப்பலகை கல் மாதிரி இருந்தது. வார்னிஷ் பளபளத்த ஜன்னல் சட்டத்துக்குள் ஸ்க்ரூடிரைவர் பிடி வரைக்கும் இறங்கியது.

ஆணிகளையும் விடாதீர்கள். தண்ணீருக்குக் கீழே இருக்கும் நாலைந்தை உருவிப் பார்க்கச் சொல்லுங்கள். விற்பவர் முகம் சுளித்தால் அதுவே ஒரு பதில். எங்களுக்கு வந்த ஒரு பித்தளைத் திருகாணி வெளியே மஞ்சளாக இல்லை, இளஞ்சிவப்பாக இருந்தது. விரலால் அழுத்தியதும் பிஸ்கட் மாதிரி உடைந்தது. உப்புத் தண்ணீரில் பித்தளையில் உள்ள துத்தநாகம் கரைந்துபோய், செம்பு மட்டும் சல்லடையாக நிற்கும். சரி, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போட்டுவிடலாம் என்று அடுத்த தவறுக்குப் போகிறவர்கள் நிறைய. காற்று படாமல் ஈர மரத்துக்குள் புதைந்து கிடந்தால் அந்த எஃகும் இடுக்கில் அரித்துப்போகும். பழைய ஆணி எந்த உலோகமோ அதையே போடுவதுதான் பொதுவாக நல்லது. இரும்பும் செம்பும் அடுத்தடுத்து இருந்தால் கடல்நீர் அவற்றை ஒரு பேட்டரியாக்கி இரும்பைத் தின்றுவிடும்.

இனிமேல் சொல்லப்போவதில்தான் பெரும்பாலான பணம் வீணாகிறது.

லாஞ்சைக் கரையேற்றிச் சித்திரை வைகாசி வெயிலில் இரண்டு மாதம் போட்டிருந்தான். பலகைகள் சுருங்கி, இடைவெளியில் ஐந்து ரூபாய் நாணயம் நுழைகிற அளவுக்கு வாய் பிளந்துவிட்டன. அவனுக்குப் பதற்றம். யாரோ சொன்னார்கள் என்று கல்லாக இறுகும் எபாக்சிப் பசையை டின் டின்னாக வாங்கி வந்துவிட்டான். நல்லவேளை, படகு கட்டும் ஓடாவி ஒருவரைக் கூப்பிட்டிருந்தோம். அறுபதைத் தாண்டியவர். டின்னைத் திறக்கவே விடவில்லை.

"அண்ணாச்சி, மழைக்காலத்துல உங்க வீட்டு வாசக்கதவு ஏன் சாத்த மாட்டேங்குது? மரம் ஊதுது. இதுவும் அப்படித்தான் ஊதும். இடுக்குல கல்ல வச்சுட்டா ஊதுத பலகை எங்க போவும்? வங்கத்தான் ஒடைக்கும்."

வங்கு என்றால் படகின் விலா எலும்பு. அவர் சொன்னது முழுக்க அறிவியல். காய்ந்த நிலையில் இடுக்கை இறுகும் பொருளால் நிரப்பினால், தண்ணீரில் இறங்கியதும் ஊதும் பலகைகள் ஒன்றையொன்று நெருக்கி ஆணியைப் பிடுங்கும், இல்லையென்றால் வங்கை முறிக்கும். அதனால்தான் கலப்பத்து என்ற பழைய முறை இன்னும் நிற்கிறது. பஞ்சுத் திரியை உளியால் இடுக்கில் அடித்து இறக்கி, மேலே குங்கிலியமும் எண்ணெயும் சேர்ந்த மாதிரியான, நெகிழ்ந்து கொடுக்கும் பூச்சைப் போடுவார்கள். திரியையும் ஓர் அளவோடுதான் அடிக்க வேண்டும். காய்ந்த பலகையில் ரொம்ப இறுக்கி அடித்தாலும் அதே கேடுதான். ஓடாவி சுத்தியல் சத்தத்தை வைத்தே நிறுத்தினார். இதை எழுத்தில் சொல்லித்தர எனக்குத் தெரியவில்லை.

தண்ணீரில் இறக்கிய அன்று படகு ஒழுகத்தான் செய்யும். முதல் இரவு பம்ப் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை ஓடியது, மச்சினன் தூங்கவே இல்லை. "பயப்படாதிய, குடிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு ஓடாவி வீட்டுக்குப் போய்விட்டார். நாலாம் நாள் காலையில் ஒருமுறைதான் ஓடியது. இந்த நாலு நாள் பொறுமை இல்லாதவர்கள்தான் மேலே முழுக்க ஃபைபர் போர்த்திவிடுகிறார்கள். ஊதிச் சுருங்கும் பலகைமேல் ஊதாத போர்வை ஒட்டி நிற்காது. ஓரத்தில் விரிந்து, உள்ளே போன ஈரம் வெளியே வர முடியாமல், வெளிப்பார்வைக்குப் புதுப்படகாகவும் உள்ளே சோற்றுப் பருக்கையாகவும் ஆகிவிடும். கரையில் போட்டே ஆக வேண்டுமென்றால் ஓலைக் கொட்டகை போட்டு நனைந்த சாக்கை விரியுங்கள், போதும்.

அடுத்து பாரம். சமையல் மேடைக்குக் கிரானைட் என்று எழுதியிருந்தான். ஆறடிக்கு இரண்டடி, 18 மி.மீ. கனம் என்றால் 50 கிலோவுக்குக் குறையாது. குளிக்க 500 லிட்டர் தொட்டி என்றால் அரை டன். அதைவிடப் பெரிய தொல்லை தொட்டி பாதி நிறைந்திருக்கும்போதுதான். பாதித் தண்ணீருடன் லாரி வளைவில் திரும்பும்போது எப்படி ஆடும் என்று பார்த்திருப்பீர்கள். தொட்டியைச் சிறிதாகப் பிரித்து, குறுக்குத் தடுப்பு வைத்து, ஏராவை, அதாவது படகின் அடி முதுகெலும்பை ஒட்டி வையுங்கள். பழைய படகில் எடை ஏறினால் நீர்மட்டக் கோடு தாழும். அதுவரை மழை மட்டுமே பட்ட இடுக்குகள் கடலுக்குள் போகும். எடை உயரத்தில் ஏறினால் படகு சாய்ந்தபின் நிமிரத் தயங்கும். இதனால்தான் 'மாடியில் உட்கார்ந்து டீ குடிக்கலாம்' என்ற யோசனையை நான் அடித்தே விட்டேன். 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் மாடிப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். கரையில் விலங்குகளைப் பார்க்க ஆட்கள் ஒரே பக்கம் திரண்டார்கள் என்று அப்போது செய்தி வந்தது. இருக்கைக்கும் சுவருக்கும் பத்தமடைப் பாய் போடலாம் என்பது மட்டும் மச்சினனின் நல்ல யோசனை. எடையே இல்லை, பார்க்கவும் அழகு.

ஏசி விஷயத்தில் வீட்டுக் கணக்கைக் கொண்டுவராதீர்கள். ஒரு டன் ஏசி சுமாராக 1,000 வாட் இழுக்கும் என்று வைத்துக்கொள்வோம். 12 வோல்ட் பேட்டரியிலிருந்து அது 83 ஆம்பியர், இன்வெர்ட்டர் இழப்பையும் சேர்த்தால் நூறைத் தொடும். 200 ஆம்பியர்-மணி லெட்-ஆசிட் பேட்டரியைப் பாதிக்கு மேல் காலி செய்யக் கூடாது. ஆக, ஒரு பேட்டரிக்கு ஒரு மணி நேரம். இரவு முழுக்க ஓட எட்டுப் பேட்டரி வேண்டும், ஒவ்வொன்றும் 50 கிலோவுக்கு மேல். மறுபடியும் பாரத்தில் வந்து நிற்கிறோம். கடைசியில் படுக்கையறைக்கு மட்டும் சின்ன ஏசி, கரையில் கட்டியிருக்கும்போது கரை மின்சாரத்தில் ஓடும்படி வைத்தோம். கடலில் காற்றுக்கா பஞ்சம்?

வயரிங்கில் ஒன்றே ஒன்று: வீட்டு எலக்ட்ரீஷியனிடம் வேலையைக் கொடுக்காதீர்கள். ஒற்றைக் கம்பி வயர் இஞ்சின் அதிர்வில் முறியும். பல இழை கொண்ட, வெள்ளீயம் பூசிய செம்பு வயர் வேண்டும். ஃப்யூஸ் பேட்டரிக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

சமையல் காஸ் காற்றைவிடக் கனம். வீட்டில் கசிந்தால் வாசல் வழியாக வெளியேற வாய்ப்பு உண்டு. படகின் அடிவயிற்றுக்கு வாசல் கிடையாது. பானையில் தண்ணீர் மாதிரி அங்கே தேங்கி, பம்ப் சுவிட்ச் போடும் ஒரு பொறிக்குக் காத்திருக்கும். சிலிண்டரை மேல்தளத்தில், அடியில் வெளிப்பக்கம் துளை உள்ள தனிப் பெட்டியில்தான் வைக்க வேண்டும். இதில் பேரமே கிடையாது.

இஞ்சினை மாற்றி வேகம் கூட்டலாம் என்பது இன்னொரு கனவு. இந்த வகைப் படகு தண்ணீரைக் கிழித்துத்தான் போகும், மேலே எழும்பி ஓடாது. நீர்மட்ட நீளத்தின் வர்க்கமூலத்தை 1.34ஆல் பெருக்கினால் அதன் எல்லை வேகம் வந்துவிடும். 36 அடிக்கு 8 நாட், அதாவது மணிக்கு சுமார் 15 கி.மீ. குதிரைத்திறனை இரண்டு மடங்காக்கினாலும் டீசல்தான் கூடும். 1921இல் டாட்ஜ் கார் குடும்பத்துக்காகக் கட்டிய டெல்ஃபைன் என்ற படகைப் புதுப்பித்தபோதுகூடப் பழைய நீராவி இஞ்சின்களையே சீராக்கி ஓட்டினார்கள். உங்கள் பழைய டீசலுக்கு உதிரிப்பாகம் கிடைக்கும் வரை அதைக் கழற்றாதீர்கள்.

உள்ளலங்காரத்தில் செய்யும் தவறு, ஒட்டுப்பலகையை வங்கோடு ஒட்டி இடைவெளி விடாமல் அறைவது. பலகைக்குப் பின்னால் காற்று கீழிருந்து மேலே ஓட வழி வேண்டும், எல்லாப் பலகையும் திருகாணியில் கழற்ற வர வேண்டும். 1937இல் கட்டிய மலானே என்ற படகை இங்கிலாந்தில் 2015இல் புதுப்பித்து முடித்தார்கள். அது எஃகுப் படகு, கோடீஸ்வரர் சமாச்சாரம். ஆனால் பாடம் ஒன்றுதான்: இந்த மாதிரிப் படகுகளில் புது வசதி கண்ணில் படாமல் இருக்க வேண்டும், ரிப்பேர்க்காரர் கைக்கு மட்டும் எட்ட வேண்டும். மச்சினன் போட்ட முதல் டிசைனில் பம்ப்பைத் தொடக் கட்டிலைப் பிரிக்க வேண்டியிருந்தது.

காகிதங்களைக் கடைசிக்குத் தள்ளுவதும் வழக்கமாக நடப்பதுதான். படகு எந்த வகையில் பதிவாகியிருக்கிறது என்று முதலில் கேளுங்கள். மீன்பிடிப் படகுகளுக்கு 1983ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம், ஆறு ஏரிகளில் ஓடும் இயந்திரப் படகுகளுக்கு 2021ஆம் ஆண்டு உள்நாட்டுக் கலங்கள் சட்டம் என்று வழி தனித்தனி. காசு வாங்கி ஆள் ஏற்றுவது என்றால் சோதனையும் சான்றிதழும் வேறு. மச்சினன் இதையெல்லாம் விசாரித்தது முன்பணம் கொடுத்து ஒன்பது மாதம் கழித்து. வாடகைக்கு விடும் திட்டம் இப்போதைக்கு இல்லை. அவன் அக்காவும் பிள்ளைகளும் மட்டும் ஞாயிற்றுக்கிழமை போய் வருகிறார்கள், பாயில் உட்கார்ந்து.