மாடிப்படிக்கு 12 வோல்ட் எமர்ஜென்சி லைட்: கரண்ட் போனதும் தானாக எரியும்படி அமைப்பது எப்படி?

மூன்று மாடி, எட்டு வீடு, ஜெனரேட்டர் கிடையாது. நம் ஊர்களில் இந்த மாதிரி அடுக்ககங்கள் ஏராளம். வீட்டுக்குள் ஆளாளுக்கு இன்வெர்ட்டர் வைத்திருப்பார்கள். மாடிப்படி மட்டும் இருட்டில் கிடக்கும், அது யாருடைய வீடும் இல்லையே! ராத்திரி கரண்ட் போனால், இரண்டு கையிலும் பையோடு ஏறி வருகிறவர் செல்போன் டார்ச்சை எந்தக் கையில் பிடிப்பார்?

அப்படி ஒரு படிக்கட்டுக்கு, ஒரே ஒரு 12 வோல்ட் பேட்டரியை வைத்து விளக்கு போடும் முறை இது. சாலிடரிங் வேண்டாம். 230 வோல்ட் பக்கம் நீங்கள் கை வைக்கவும் வேண்டாம். பிளக் பாயிண்ட் மட்டும் எலக்ட்ரீஷியன் போட்டுத் தரட்டும். உயரமான அடுக்ககம், மருத்துவமனை, கல்யாண மண்டபம், விடுதி இவற்றுக்கு இது போதாது. அங்கே தீயணைப்பு விதிகளின்படி சான்று பெற்ற விளக்குகளைத்தான் மாட்ட வேண்டும்.

"பேட்டரியோடு வரும் பல்பு கடையில் கிடைக்கிறதே, அதைப் போட்டால் என்ன?" என்று அசோசியேஷன் கூட்டத்தில் யாராவது கேட்பார்கள். அறைக்குள் அது நல்ல பொருள்தான். ஆனால் அது எரிய வேண்டுமானால் சுவிட்ச் ஆனில் இருக்க வேண்டும். காலையில் யாரோ பொது விளக்கை அணைத்துவிட்டுப் போயிருப்பார்; சாயங்காலம் கரண்ட் போனால் பல்பு பேசாமல் இருக்கும். போதாக்குறைக்கு, உள்ளே இருக்கும் குட்டி பேட்டரி பல்பின் சூட்டிலேயே கிடக்கிறது. படிக்கட்டு விளக்கு யாரும் எதையும் தொடாமல் எரிய வேண்டும். கீழே சொல்லும் எல்லாமே அதற்காகத்தான்.

விளக்கு எங்கெங்கே?

கடைக்குப் போவதற்கு முன்னால், ராத்திரி பொது விளக்குகளை அணைத்துவிட்டுக் கையில் டார்ச்சோடு மேலிருந்து கீழே ஒரு முறை மெதுவாக இறங்கிப் பாருங்கள். கால் தயங்குகிற இடமெல்லாம் விளக்கு கேட்கிற இடம். பொதுவாகப் படி திரும்பும் இடங்கள், ஒவ்வொரு தளத்தின் நடை, மீட்டர் போர்டு, வெளிவாசல், மொட்டை மாடிக் கதவு. ஏறுவதைவிட இறங்குவதில்தான் ஆபத்து. அதிலும் கடைசிப் படி முடிந்துவிட்டது என்று நினைத்துக் காலை வைக்கும் இடம் மோசம். படியின் விளிம்பு தெரிந்தால் போதும். பளிச்சென்ற வெளிச்சம் கண்ணில் அடித்தால் விளிம்பு இன்னும் தெரியாமல் போகும்.

மூன்று மாடிக்கு 8 இடம் என்று வைத்துக்கொள்வோம். விளம்பரப் பலகைகளுக்குள் ஒட்டுவார்களே, அந்த 12 வோல்ட் எல்.இ.டி. மாட்யூல், ஒன்று சுமார் 1.5 வாட். எட்டுக்கும் சேர்த்து 12 வாட், அதாவது 1 ஆம்பியர். யு.பி.எஸ்.ஸில் வரும் 12 வோல்ட் 7 ஏ.ஹெச். (ஆம்பியர்-மணி) சீல்டு பேட்டரி, புதிதாக இருக்கும்போது இந்த லோடை ஐந்து மணி நேரத்துக்கு மேல் தாங்கும். 7-ஐ 1-ஆல் வகுத்து 7 மணி நேரம் என்று எண்ண வேண்டாம். அந்த 7 என்பது 20 மணி நேரம் மெதுவாக இறக்கினால் கிடைக்கும் கணக்கு. வேகமாக இறக்கினால் குறையும், வயதானால் இன்னும் குறையும். மூன்று மணி நேரம் உறுதி என்று எண்ணிக்கொள்ளுங்கள். வெளியேறும் வழி விளக்குகளுக்கு தேசியக் கட்டடக் குறியீடு கேட்பதே குறைந்தது ஒன்றரை மணி நேரம்தான்.

வாங்க வேண்டியவை

- 12 வோல்ட் 7 ஏ.ஹெச். சீல்டு பேட்டரி
- அதற்கான ஃப்ளோட் சார்ஜர் (பேட்டரி நிறைந்த பிறகும் மாட்டியே வைக்கக்கூடியது), 1 ஆம்பியர்
- 12 வோல்ட் 1 ஆம்பியர் அடாப்டர்
- காரில் போடும் 5 பின் ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்), சாக்கெட்டோடு
- லோ வோல்டேஜ் கட்-ஆஃப் மாட்யூல் (பேட்டரி அளவுக்கு மீறி இறங்கும் முன் விளக்கைத் துண்டிப்பது)
- 3 ஆம்பியர் பிளேடு ஃபியூஸ், ஹோல்டரோடு
- 12 வோல்ட் ஃபோட்டோசெல் சுவிட்ச் (வெளிச்சம் இருந்தால் விளக்கை எரியவிடாதது)
- எல்.இ.டி. மாட்யூல்கள், 1 சதுர மி.மீ. செம்பு ஒயர் சிவப்பிலும் கறுப்பிலும், பி.வி.சி. பைப், காற்றோட்டமுள்ள பெட்டி, மல்டிமீட்டர்

ரிலே ஆட்டோ எலக்ட்ரிகல் கடையில் கிடைக்கும். மற்றதெல்லாம் சென்னை என்றால் ரிச்சி தெருவில் ஒரே நடையில் முடிந்துவிடும்.

சார்ஜரில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். மல்டிமீட்டரில் அதன் ஃப்ளோட் வோல்டேஜ் 13.5-லிருந்து 13.8-க்குள் இருக்க வேண்டும். இது 25 டிகிரிக்குச் சொல்லப்பட்ட அளவு. நம் வெயிலுக்கு 13.5 பக்கம் இருப்பதே நல்லது. 13.8-க்கு மேல் போனால் பேட்டரி உள்ளுக்குள் காய்ந்து உப்பிவிடும். 12 வோல்ட் அடாப்டரையே சார்ஜராகப் பயன்படுத்தலாமா என்றால், கூடாது. முழுதாக ஏறிய பேட்டரி சும்மா இருக்கும்போதே 12.7 வோல்ட் காட்டும். 12 வோல்ட் கொடுத்து அதை ஏற்ற முடியாது.

ரிலே செய்யும் வேலை

ரிலேயின் அடியில் 85, 86, 30, 87, 87ஏ என்று எண்கள் இருக்கும். 85, 86 இரண்டும் காயில், அதாவது உள்ளே இருக்கும் காந்தச் சுருளின் முனைகள். அடாப்டரின் இரண்டு முனைகளை அவற்றில் கொடுங்கள். கரண்ட் இருக்கும்வரை காயில் இழுத்துப் பிடித்திருக்கும். 30-க்கும் 87ஏ-வுக்கும் தொடர்பு இருக்காது. கரண்ட் போனதும் காயில் விட்டுவிடும், 30-ம் 87ஏ-வும் ஒட்டிக்கொள்ளும், விளக்கு எரியும். 87 நமக்குத் தேவையில்லை, டேப் சுற்றி விடுங்கள். அடாப்டர் கெட்டாலும், யாராவது பிளக்கைப் பிடுங்கினாலும் விளக்கு எரியும். ஆகவே அடாப்டர் பக்கக் கோளாறு ஒளிந்துகொள்ள வழியில்லை. காயில் ஆண்டு முழுக்க ஓடுவதற்கு ஏறக்குறைய 20 யூனிட் செலவாகும், ரிலேயைத் தொட்டால் லேசாகச் சுடும். இரண்டும் இயல்புதான்.

எலக்ட்ரீஷியனிடம் ஒன்றைத் தெளிவாகச் சொல்லுங்கள்: பிளக் பாயிண்ட், படிக்கட்டு விளக்கு ஓடும் அதே எம்.சி.பி.யில் (கோளாறு வந்தால் தானாக விழும் சுவிட்ச்) இருந்து, ஆனால் விளக்கின் சுவிட்சுக்கு முன்னால் எடுக்க வேண்டும். தெருவில் கரண்ட் இருந்து அந்த எம்.சி.பி. மட்டும் விழுந்தாலும் படிக்கட்டு இருட்டுதானே?

இணைக்கும் வரிசை

பேட்டரியைக் கடைசியாக இணைப்பது வழக்கமாகட்டும். மற்ற எல்லாவற்றையும் முடித்து, சரிபார்த்து, அப்புறம்தான் பேட்டரி.

பேட்டரி பாசிட்டிவ், ஃபியூஸ், கட்-ஆஃப் மாட்யூல், ரிலேயின் 30, பிறகு 87ஏ-விலிருந்து ஃபோட்டோசெல், அங்கிருந்து விளக்குகள். எல்லா நெகட்டிவும் ஒன்றாகச் சேர்ந்து பேட்டரிக்குத் திரும்பும். சார்ஜரின் பாசிட்டிவ் ஒயர் ஃபியூஸுக்கு அடுத்து, கட்-ஆஃப் மாட்யூலுக்கு முன்னால் சேரட்டும். விளக்குகளை, ஒவ்வொன்றும் சிவப்பு-கறுப்புக்கு இடையில் வருமாறு இணையுங்கள். எல்.இ.டி. எரியவில்லையென்றால் பெரும்பாலும் தலைகீழாக மாட்டியிருப்பீர்கள்.

ஃபியூஸ் பேட்டரி முனைக்கு ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். 12 வோல்ட் ஷாக் அடிக்காது என்பது உண்மைதான். ஆனால் ஷார்ட் ஆனால் இந்தச் சின்னப் பேட்டரியே 100 ஆம்பியருக்கு மேல் தள்ளும், ஒயர் பழுத்துத் தீப்பிடிக்கும். அதே போல 230 வோல்ட் ஒயர் போகும் பைப்பில் இந்த ஒயரை நுழைக்காதீர்கள், தனிப் பைப் போடுங்கள். மெல்லிய ஸ்பீக்கர் ஒயரும் வேண்டாம். 1 சதுர மி.மீ. ஒயரில் 15 மீட்டர் தள்ளி 1 ஆம்பியர் இழுத்தால் அரை வோல்ட் போகும். கால் சதுர மி.மீ. ஒயரில் 2 வோல்ட் போய்விடும், கடைசி விளக்கு மங்கும்.

கட்-ஆஃப் மாட்யூலில் துண்டிக்கும் அளவை 11 வோல்ட்டிலும், மறுபடி இணைக்கும் அளவை 12.8-லும் வையுங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் விளக்கு அணைந்ததும் பேட்டரி வோல்டேஜ் கொஞ்சம் எழும், மறுபடி எரியும், மறுபடி அணையும். படிக்கட்டில் டிஸ்கோ நடக்கும்.

ஃபோட்டோசெல் எதற்கென்றால், மாதாந்திரப் பராமரிப்புக்கு மின்வாரியம் காலை 9 மணிக்கு நிறுத்தினால் பகல் முழுக்க விளக்கு வீணாக எரிந்து, சாயங்காலம் உண்மையில் தேவைப்படும்போது பேட்டரி காலியாகக் கிடக்கும். அதை ஜன்னல் பக்கம், வெளியைப் பார்த்து மாட்டுங்கள். நம் விளக்கின் வெளிச்சமே அதன் மேல் பட்டால் விடிந்துவிட்டது என்று எண்ணி அணைத்துவிடும். பகலிலும் இருட்டாக இருக்கும் படிக்கட்டு என்றால் ஃபோட்டோசெல்லை விட்டுவிட்டுப் பெரிய பேட்டரியாக வாங்குங்கள்.

பெட்டியை எங்கே வைப்பது?

தரைத்தளத்தில் வேண்டாம். 2015 டிசம்பரில் சென்னையில் தரைத்தளங்களுக்குள் வெள்ளம் புகுந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். முதல் மாடி நடையில், வெயில் படாத சுவரில், குழந்தைகள் கைக்கு எட்டாத உயரத்தில் மாட்டுங்கள். மொட்டை மாடியில் படி முடியும் அறை வேண்டவே வேண்டாம். வெப்பம் 10 டிகிரி கூடினால் நம்முடையது போன்ற லெட் ஆசிட் பேட்டரியின் ஆயுள் பாதியாகக் குறையும்.

சோதனை

முதல் முறை ஒரு ராத்திரி முழுதாகச் சார்ஜ் ஏறவிட்டு, மறுநாள் இருட்டியதும் அடாப்டர் பிளக்கைப் பிடுங்குங்கள். விளக்கு உடனே எரிய வேண்டும். அதன்பின் மாதம் ஒரு முறை, இருட்டிய பிறகு, சில நிமிடம் இதையே செய்தால் போதும். வாட்ச்மேன் அண்ணனிடமே சொல்லலாம். ஆறு மாதத்துக்கு ஒரு முறை அடாப்டர், சார்ஜர் இரண்டு பிளக்கையும் பிடுங்கி ஒன்றரை மணி நேரம் எரியவிட்டு பேட்டரியை அளந்து பாருங்கள். 12 வோல்ட்டுக்கு மேல் நின்றால் நல்லது. 11.5-க்குக் கீழே போயிருந்தால் புதியது வாங்கப் பணம் வசூலிக்க ஆரம்பிக்கலாம்.

பேட்டரி மேல் வாங்கிய மாதம், வருடத்தை மார்க்கரில் எழுதி வையுங்கள். நம் வெயிலில் இரண்டு, மூன்று ஆண்டு ஓடினால் லாபம். பழையதைக் குப்பையில் போடக் கூடாது, ஈயமும் அமிலமும் உள்ளே இருக்கின்றன. புதியது வாங்கும் கடையிலேயே கொடுத்தால் விலையில் கொஞ்சம் கழித்துக்கொள்வார்கள்.