எனக்கு ‘ழ’ வந்த கதை

மதுரைப் பக்கம் பிறந்த எனக்கு மழை எப்போதும் ‘மளை’தான். 35 வயது வரை அது உறுத்தவே இல்லை. ஒருநாள் மகளுக்குச் சொல்வதெழுதுதல் போட்டேன். ‘வாழை மரம்’ என்றேன். நோட்டில் ‘வாளை மரம்’ என்று இருந்தது. வாளை மீனாச்சே! "நீங்க அப்படித்தானேப்பா சொன்னீங்க?" என்றாள். தப்பு அவள் மேல் இல்லை.

பக்கத்து வீட்டு அக்கா தமிழாசிரியை. அவர்தான் சொல்லிக்கொடுத்தார்: ‘ள’வுக்கு நாக்கு நுனி மடிந்து மேலண்ணத்தில் ஒட்டும், ‘ழ’வுக்கு இன்னும் உள்ளே வளையும், ஆனால் ஒட்டாது. அந்த ஒட்டாமல் நிறுத்துவதுதான் பெரும்பாடு. தினமும் சாப்பாட்டுக்குப் பிறகு நானும் மகளும் விழி–விளி, கிழி–கிளி என்று மாற்றி மாற்றிச் சொன்னோம். ஒரு மாதத்தில் படிந்துவிட்டது. அவசரத்தில் இன்னும் வழுக்கும். அவள் நிமிர்ந்து பார்ப்பாள், நான் திரும்பச் சொல்வேன்.