கடல்நீர்த் தொட்டியில் பாசி தின்னும் நண்டு வளர்க்கும் முறை

தொட்டி ஓடத் தொடங்கி ஆறு வாரமாவது கழிந்து, கழிவிலிருந்து உண்டாகும் நச்சுகளான அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்தில் நின்று, கண்ணாடியில் பாசி படியத் தொடங்கிய பிறகே நண்டு வாங்க வேண்டும். பாறையில் பச்சை மணிகளாக உருண்டு நிற்கும் குமிழிப் பாசிக்கு மரகத நண்டு ஏற்றது. இழைப் பாசிக்கும் மணலில் தங்கும் மிச்ச உணவுக்கும், காலிச் சங்குக்குள் குடியிருக்கும் நீலக்கால் துறவி நண்டு போதும். இரண்டுமே கரீபியக் கடற்பகுதியைச் சேர்ந்தவை. என்னுடைய 100 லிட்டர் தொட்டியில் ஒரு மரகத நண்டும் நான்கு துறவி நண்டுகளும் இருக்கின்றன.

காசிமேட்டில் கடல் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதே என்று கரையோர நீரை மொண்டு வராதீர்கள். 2023 டிசம்பரில் எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியதைக் கண்ணால் கண்டவர்களுக்கு நான் காரணம் சொல்ல வேண்டியதில்லை. நீரில் கரைந்திருப்பவற்றை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் பூஜ்யம் காட்டும் ஆர்.ஓ. (சவ்வில் வடிகட்டிய) நீரில் மீன்தொட்டிக்கான கடலுப்பைக் கரைத்து, லிட்டருக்குச் சுமார் 35 கிராம் என்ற அளவுக்குக் கொண்டு வாருங்கள்.

நான் தவறியது இதற்கு அடுத்த படியில்தான். கத்திரி வெயிலில் தொட்டி நீர் 31 டிகிரியைத் தாண்டியதால், நீர்ப்பரப்பின் மேல் சிறு மின்விசிறியை ஓடவிட்டேன். வெப்பம் தணிந்தது, ஆனால் நீர் வேகமாக ஆவியானது. குறைந்த அளவை உப்புநீராலேயே நிரப்பி வந்தேன். நீர் மட்டுமே ஆவியாகும், உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும் என்பதை அப்போது நான் எண்ணிப் பார்க்கவில்லை. 100 லிட்டரில் 3,500 கிராம் உப்பு இருக்கும்போது பத்து லிட்டர் ஆவியாகி, அந்த இடத்தை உப்புநீரால் நிரப்பினால் மேலும் 350 கிராம் சேர்ந்து அளவு 38.5 ஆகிவிடும். அந்த மே மாதத்தில் இரண்டு துறவி நண்டுகள் கூட்டைவிட்டுத் தொங்கியபடி இறந்துகிடந்தன. ஆகவே, தொட்டியின் வெளிப்புறத்தில் நீர்மட்டத்துக்கு நேராக ஒரு நாடாவை ஒட்டி, நாள்தோறும் காலையில் அந்தக் கோடு வரை உப்பில்லாத ஆர்.ஓ. நீரை மட்டும் ஊற்றுங்கள். உப்பை அளக்க மிதவைக் கருவியைவிட, ஒளி விலகலைக் கொண்டு உப்பளவு காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரையே நான் நம்புகிறேன். அதையும் வெறும் நீரில் சரிபார்க்காமல், 35 அளவுள்ள சோதனைக் கரைசலில் சரிபார்க்க வேண்டும்.

கடை நீரின் உப்பளவு பெரும்பாலும் நம் தொட்டியினதாக இராது. நண்டை அதன் நீரோடு வாளியில் விட்டு, காற்றுக் குழாயில் ஒரு முடிச்சிட்டு, நொடிக்கு இரண்டு மூன்று சொட்டாகத் தொட்டி நீரை ஒரு மணி நேரமாவது இறக்குங்கள். பிறகு நண்டை மட்டும் எடுத்துத் தொட்டியில் விடுங்கள். கடை நீர் உள்ளே போகக்கூடாது.

துறவி நண்டுகளுக்குச் சற்றுப் பெரிய காலிச் சங்குகள் சில வேண்டும். இல்லையெனில் நத்தையைக் கொன்று அதன் கூட்டைப் பறிக்கும். பாசி தீர்ந்துவிட்டால் நோரித் தாளில் (உலர்ந்த கடற்பாசித் தாள்) ஒரு துண்டு போடுங்கள், ஏனெனில் பசித்த மரகத நண்டு சிறு மீன்களையும் பிடிக்கும். தாமிரம் கலந்த மீன் மருந்தைத் தொட்டியில் ஒரு சொட்டும் விடாதீர்கள்.

பின்சேர்க்கை: மரகத நண்டு அசையாமல் கிடந்ததால் இறந்ததென்று எடுத்து எறிந்துவிட்டதாகத் தண்டையார்பேட்டை வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். எறிவதற்கு முன் முதுகோட்டின் பின்விளிம்பைப் பாருங்கள். அங்கே பிளவு விட்டு, உள்ளே ஒன்றுமில்லாமல், கண்கள்கூடக் கண்ணாடிபோல் தெளிந்திருந்தால் அது உரித்த தோல்தான். நண்டு மெல்லிய உடலோடு பாறையிடுக்கில் சில நாள் ஒளிந்திருக்கும். அந்தத் தோலை அங்கேயே விட்டுவையுங்கள், சுண்ணாம்புச் சத்துக்காக அது தானே வந்து தின்னும்.