பெல்ட் அறுந்தபின் கார் ஏசி கம்ப்ரசரைச் சரிசெய்தல்

பெல்ட் அறுந்தவுடன் புதியதை மாட்டிவிடுவது பலரும் செய்யும் தவறு. கம்ப்ரசர் இறுகியிருந்தால் புதிய பெல்ட்டும் விரைவில் அறுந்துவிடும். எஞ்சின் ஆறியபின் பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பைக் கழற்றிவிட்டு, பெல்ட் ஓடும் சக்கரமான கம்ப்ரசரின் புல்லியைக் கையால் சுழற்றிப் பாருங்கள். அது கரகரத்தாலோ ஆடினாலோ பழுது பெரும்பாலும் பேரிங்கில்தான். கிளட்ச் (புல்லியின் சுழற்சியைக் கம்ப்ரசருடன் இணைத்துப் பிரிக்கும் பகுதி) உள்ள பல கம்ப்ரசர்களில், குளிரூட்டும் கேஸை வெளியேற்றாமலேயே பேரிங்கை மாற்றலாம் என்பதால், முழுக் கம்ப்ரசரையும் மாற்றச் சொல்பவரிடம் சற்று நிதானிப்பது நல்லது. மீண்டும் பொருத்தும்போது, பெரும்பாலும் அரை மில்லிமீட்டர் அளவிலிருக்கும் கிளட்ச் இடைவெளியை (முன்தட்டுக்கும் புல்லிக்கும் நடுவே உள்ளது) கையேட்டின்படி மெல்லிய வாஷர்களால் சரிசெய்ய வேண்டும். கிளட்ச்சின் முன்தட்டையே கையால் சுழற்ற முடியவில்லை என்றால் கம்ப்ரசர் உள்ளே இறுகிவிட்டது. அதை மாற்றும்போது உரிய கருவியால் கேஸை மீட்டெடுத்து, உலோகத் துகள்கள் போகக் குழாய்களைக் கழுவி, ஈரத்தை உறிஞ்சும் டிரையரையும் மாற்றி, உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி வேக்கம் செய்து, எடை பார்த்துக் கேஸ் நிரப்ப வேண்டும். புதிய பெல்ட்டை மாட்டும் முன், அதை இறுக்கமாக வைத்திருக்கும் டென்ஷனரையும் சோதியுங்கள்.