ஊருக்குப் போகும் மாதமும் பகலில் கடிக்கும் நுளம்பும்

நல்லூர்த் திருவிழாவுக்காக ஆகஸ்ட் மாதத்தில் வெளிநாட்டிலிருந்து யாழ்ப்பாணத்து ஊருக்குப் போய், நுளம்புத் தொல்லை அதிகம் இல்லாமல் திரும்பிய குடும்பங்கள், அடுத்த தடவை டிசெம்பர் விடுமுறையில் புறப்படும்போதும் அதே ஆயத்தத்தோடு போகின்றன. ஆனால் இவை இரண்டும் முற்றிலும் வேறான பருவங்கள். யாழ்ப்பாணத்தில் ஆகஸ்ட் வறண்ட காலம். சோளகக் காற்றும் ஓங்கி வீசும். ஐப்பசியில் தொடங்கும் மாரிமழை மார்கழி வரை விட்டுவிட்டுப் பெய்து, வளவெங்கும் சிறுசிறு நீர்த்தேக்கங்களை உண்டாக்குகிறது. அவற்றில் பெருகும் நுளம்புகளால் வடக்கில் டெங்கு பெரும்பாலும் டிசெம்பரிலும் ஜனவரியிலுமே உச்சத்துக்கு வருகிறது. 2023 இறுதியிலிருந்து 2024 தொடக்கம் வரை யாழ்ப்பாண மாவட்டம் இதைக் கடுமையாகவே அனுபவித்தது. திருவெம்பாவை, தைப்பொங்கல், தை மாதக் கலியாணங்கள் என்று நம்மவர்கள் திரளாகப் போய் இறங்குவதும் இதே வாரங்களில்தான்.

கிழக்கில் மழை சற்றுப் பிந்தி ஓய்வதால், மட்டக்களப்பு, திருகோணமலைப் பக்கம் போகிறவர்கள் மாசி, பங்குனியிலும் கவனமாக இருக்கவேண்டும். 2017இல் திருகோணமலை மாவட்டத்துக் கிண்ணியாவில் டெங்கு பரவி மக்களை வாட்டியது மார்ச் மாதத்தில். கொழும்பின் கணக்கு வேறு. தென்மேற்குப் பருவமழையைத் தொடர்ந்து யூன், யூலையில் அங்கு ஒரு உச்சமும், ஆண்டின் முடிவில் இன்னொன்றும் வருவது வழக்கம். ஆகவே கோடையில் யாழ்ப்பாணம் போகிறவர், வழியில் கொழும்பு வெள்ளவத்தையில் சில நாட்கள் தங்கினால், பயணத்தில் அதிக ஆபத்துள்ள பகுதி அந்த நாட்களாகவே இருக்கக்கூடும்.

டெங்குவையும் சிக்குன்குனியாவையும் பரப்பும் ஈடிஸ் நுளம்பு பகலில் கடிப்பது. காலையில் வெயில் ஏறுமுன் சில மணித்தியாலங்களும், பொழுதுபடுமுன் சில மணித்தியாலங்களும் அதற்கு உகந்தவை. சத்தமில்லாமல் மேசைக்குக் கீழே, கணுக்காலிலும் முழங்காலின் பின்புறத்திலும் கடித்துவிட்டுப் போய்விடும். காலுக்கும் உடலுக்கும் வெள்ளை வரிகள் இருப்பதால், உற்றுப் பார்த்தால் அடையாளம் தெரியும். இரவில் வலை கட்டிப் படுத்துவிட்டு, காலையில் அரைக் காற்சட்டையோடு முற்றத்தில் தேநீர் குடிப்பவருக்கு அந்த வலையால் இந்த நுளம்பிடமிருந்து பாதுகாப்பு இல்லை. பகலில் குழந்தை தூங்கும்போதுதான் வலை மிகவும் தேவை. மின்விசிறி ஓடும் இடத்தில் நுளம்பு இலகுவில் இறங்காது என்பதால், பெரியவர்கள் கதைத்துக்கொண்டிருக்கும் விறாந்தையிலும் ஒன்றை ஓடவிடுங்கள்.

நுளம்பை விரட்டப் பூசும் மருந்தைப் புறப்படுமுன் நீங்கள் வாழும் நாட்டிலேயே வாங்கிக்கொள்வது நல்லது. டீட் 20 முதல் 50 வீதம் வரை, அல்லது பிக்காரிடின் 20 வீதம் கொண்டது நம்பத்தக்கது. வெயிலுக்கான களிம்பை முதலில் பூசி, அதன்மேல் இதைப் பூசவேண்டும். வியர்த்தாலும் குளித்தாலும் திரும்பவும் பூசவேண்டும். இரண்டு மாதம் நிறையாத குழந்தைக்கு இதைப் பூசக்கூடாது; வலையும் முழுநீள உடுப்பும்தான் அதற்குரிய பாதுகாப்பு. கோயிலுக்குப் போகும் ஆண்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள்: மேலாடையைக் கழற்றி வேட்டியோடு நிற்கும்போது முதுகும் தோளும் திறந்தே இருக்கின்றன, காலைப் பூசையும் மாலைப் பூசையும் நுளம்பு கடிக்கும் நேரங்களிலேயே நடக்கின்றன. வீட்டிலேயே முதுகுக்கும் பூசிக்கொண்டு போங்கள். சேலை உடுத்தும் பெண்கள் இடுப்புக்கும் பாதங்களுக்கும் பூசவேண்டும்.

இவை எல்லாவற்றையும்விட எனக்குக் கவலை தருவது பூட்டிக் கிடக்கும் வீடுகள். வெளிநாட்டில் இருப்பவரின் வீட்டில் பாவிக்காத கொமேட்டில் நிற்கும் தண்ணீர், சருகு அடைத்த கூரைப் பீலி, மூடி விலகிய நீர்த்தாங்கி, கிணற்றடித் தொட்டி, கோடிப்புறத்துச் சிரட்டையும் தயிர்ச்சட்டியும் ஆகிய எதுவும் ஈடிஸுக்குப் போதுமான இடம். அதன் முட்டைகள் பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டி, ஈரமில்லாமலே பல மாதங்கள் உயிரோடு கிடக்கும்; மழை பெய்தவுடன் பொரித்து, ஒரு கிழமை பத்து நாளில் நுளம்பாகிவிடும். அதனால் தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, உட்சுவரைத் தேய்த்துக் கழுவவேண்டும். உவர் கலந்த நீரிலும் இது வளர்வதை யாழ்ப்பாணப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டறிந்திருக்கிறார்கள். கரையோர வீடுகளும் விதிவிலக்கல்ல. 2007ஆம் ஆண்டின் நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டப்படி, வளவைச் சுத்தமாக வைத்திருக்கும் பொறுப்பு உரிமையாளருக்கும் உண்டு. நீங்கள் போய்ச் சேர ஒரு கிழமைக்கு முன்னரே வீட்டைப் பார்ப்பவரிடம் சொல்லி இவற்றைச் செய்விப்பது, பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கும் நீங்கள் செய்யும் உதவி.

இரவில் கடிக்கும் வேறு நுளம்புகள் பரப்பும் நோய்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2016இல் இலங்கை மலேரியா அற்ற நாடாக அறிவிக்கப்பட்டதால், இலங்கைக்கு மட்டும் போகிறவருக்கு மலேரியாக் குளிசை பொதுவாகத் தேவைப்படாது. கோயில் யாத்திரையாக இந்தியாவுக்கும் போவதாயின் மருத்துவரைக் கேளுங்கள். வன்னியில் வயல் சூழ்ந்த ஊரில் மாரியில் வாரக்கணக்காகத் தங்குகிறவர்கள் யப்பானிய மூளைக்காய்ச்சல் தடுப்பூசி பற்றியும் கேட்கவேண்டும்.

காய்ச்சல் வந்தால் பரசிற்றமோலை மட்டும், அளவோடு, ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை எடுக்கலாம். அஸ்பிரின், ஐபுபுரூஃபன், டைக்குளோஃபினாக் ஆகியவை இரத்தக்கசிவைக் கூட்டும் என்பதால் அவற்றைத் தொடவே கூடாது. இருதயத்துக்காக அஸ்பிரின் எடுப்பவர் அன்றே மருத்துவரிடம் சொல்லவேண்டும். இளநீர், கஞ்சி, ஜீவனி (தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்புச் சர்க்கரைத் தூள்) நல்லவை. வாந்தியில் இரத்தம் இருந்தால் மறைத்துவிடும் என்பதால் சிவப்பு நிறப் பானங்களைத் தவிருங்கள். பப்பாளி இலைச்சாற்றை நம்பி இரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். காய்ச்சல் இறங்கும் நாளில்தான் பலர் சுகமாகிவிட்டது என்று எழுந்து நடமாடுகிறார்கள். டெங்குவில் ஆபத்தான கட்டம் தொடங்குவதும் அப்போதுதான். கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, பல் முரசில் இரத்தம், கைகால் குளிர்தல், சிறுநீர் குறைதல் ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் உடனே வைத்தியசாலைக்குப் போகவேண்டும். டெங்கு வைரஸில் நான்கு வகைகள் உண்டு. முன்னர் ஒரு வகை தொற்றியவருக்கு வேறொரு வகை தொற்றினால் நோய் கடுமையாகக்கூடும். ஊரில் பிறந்து வளர்ந்த நம் பெரியவர்கள் பலருக்குத் தெரியாமலே முதல் தொற்று வந்துபோயிருக்கலாம் என்பதால், அவர்களின் காய்ச்சலைப் பயணக் களைப்பு என்று விட்டுவிடாதீர்கள்.

திரும்பிவந்து இரண்டு கிழமைக்குள் காய்ச்சல் கண்டால், மருத்துவரிடம் முதலில் சொல்லவேண்டியது நீங்கள் இலங்கையில் எந்த இடங்களில், எந்தத் திகதிகளில் இருந்தீர்கள் என்பதே. அதைச் சொல்லாவிட்டால் டெங்குப் பரிசோதனை செய்யவேண்டும் என்று அங்குள்ள மருத்துவருக்குத் தோன்றாமலே போகலாம்.